ஜிம்ப்பில் செலக்ஷனைச் சுற்றி மெல்லிய, கூரான கோடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வார இறுதிகளில் தெரிந்தவர்களுக்கு ஜிம்ப் என்ற இலவசப் பட எடிட்டிங் மென்பொருளைச் சொல்லித் தருகிறேன். ஸ்டுடியோ வைத்திருப்பவர், ஒர்க்‌ஷீட் தயாரிக்கும் டீச்சர், கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்பவர் என்று பலரும் வருவார்கள். லேயர், கலர் கரெக்‌ஷன் எல்லாம் சீக்கிரம் பிடிபட்டுவிடும். ஆனால் ஒரு கட்டத்தைச் சுற்றி ஒரு மெல்லிய கோடு போடுவதில்தான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள். கோடு மங்குகிறது, தடிக்கிறது, ஒரு பக்கம் காணாமல் போகிறது. அவர்கள் கேட்ட கேள்விகளை அவர்கள் கேட்டபடியே இங்கே எழுதியிருக்கிறேன்.

நான் சொல்வது 2018-இல் வந்த ஜிம்ப் 2.10 பதிப்புக்கும் 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்புக்கும் பொருந்தும். இரண்டுக்கும் வித்தியாசம் உள்ள இடத்தில் சொல்லிவிடுகிறேன். மெனுப் பெயர்களை நாம் வாயால் சொல்வதுபோலவே எழுதியிருக்கிறேன்.

செலக்ஷன் போட்டா சுத்தி கோடு தெரியுது. சேவ் பண்ணினா மட்டும் காணோமே?

அந்த நகரும் புள்ளிக்கோடு படத்தில் இல்லை. "இந்த இடம்தான் தேர்வாகியிருக்கிறது" என்று மென்பொருள் நமக்குக் காட்டும் அடையாளம் மட்டுமே அது. படத்தில் கோடு வேண்டுமென்றால் நாம்தான் வரைய வேண்டும்.

இதனால் இன்னொரு தொல்லையும் உண்டு. நீங்கள் வரைந்த 1 பிக்சல் கோட்டின் மேலேயே இந்தப் புள்ளிக்கோடு ஓடிக்கொண்டிருக்கும். கோடு சரியாக விழுந்ததா என்று தெரியாது. வியூ மெனுவில் ஷோ செலக்ஷன் டிக்கை எடுத்துவிட்டுப் பாருங்கள். செலக்ஷன் அப்படியே இருக்கும், கண்ணுக்கு மட்டும் தெரியாது. பார்த்து முடித்ததும் மறக்காமல் டிக்கை திரும்பப் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் "பிரஷ் வேலை செய்யவில்லை" என்று அரை மணி நேரம் தேட வேண்டியிருக்கும்.

சரி, நிஜமான கோடு எப்படிப் போடுறது?

முதலில் ஒரு புதிய டிரான்ஸ்பரன்ட் லேயர் (படத்தின் மேல் வைக்கும் கண்ணாடித்தாள் போன்ற அடுக்கு) சேருங்கள். இதை மட்டும் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். கோடு தனி லேயரில் இருந்தால் பிடிக்காதபோது லேயரை அழித்தால் போதும், படத்துக்கு ஒன்றும் ஆகாது. பிறகு ஃபோர்கிரவுண்ட் நிறத்தை, அதாவது வரையும் நிறத்தைத் தேர்ந்தெடுத்து, எடிட் மெனுவில் ஸ்ட்ரோக் செலக்ஷன் போங்கள். ஸ்ட்ரோக் லைன் என்பதில் சாலிட் கலர் வைத்து, லைன் விட்த் எத்தனை பிக்சல் என்று கொடுத்து, ஸ்ட்ரோக் அழுத்துங்கள்.

பெரும்பாலான பாடங்கள் இதோடு முடிந்துவிடும். சிக்கல் தொடங்குவது இதற்கு அப்புறம்தான்.

1 பிக்சல்னுதான் கொடுத்தேன். ஜூம் பண்ணிப் பார்த்தா 2 பிக்சல் அகலத்துல சாம்பலா இருக்கே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

சின்ன வயதில் கணக்குக்கு வைத்திருந்த கட்டம் போட்ட நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டமும் ஒரு பிக்சல். ஒரு கட்டத்தை முழுதாக ஒரு நிறத்தால் நிரப்பலாம். பாதியை மட்டும் நிரப்ப முடியாது. செவ்வகச் செலக்ஷனின் எல்லை எங்கே ஓடுகிறது? கட்டங்களுக்குள் இல்லை, இரண்டு கட்டங்களைப் பிரிக்கும் அச்சுக்கோட்டின் மேல் ஓடுகிறது. ஸ்ட்ரோக் செலக்ஷன் அந்த எல்லையை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் சமமாகக் கோட்டை விரிக்கிறது. 1 பிக்சல் கேட்டால் உள்பக்கம் அரைக் கட்டம், வெளிப்பக்கம் அரைக் கட்டம். அரைக் கட்டத்தை நிரப்ப முடியாது என்பதால், ஆன்டி-அலையாசிங் (ஓரத்துப் பிக்சல்களைப் பாதி நிறத்தில் நிரப்பி வழுவழுப்பாக்கும் வசதி) இரண்டு கட்டத்தையும் முழுதாக எடுத்துக்கொண்டு பாதி அடர்த்தியில் நிரப்பிவிடுகிறது. கறுப்பு கேட்டீர்கள், இரண்டு பிக்சல் சாம்பல் கிடைத்தது.

இதையே திருப்பிப் பாருங்கள். 2 பிக்சல் கேட்டால் உள்ளே ஒரு முழுக் கட்டம், வெளியே ஒரு முழுக் கட்டம். மங்கலே வராது. அதனால்தான் நேர்க்கோட்டு எல்லைகளுக்கு 2, 4, 6 என்று இரட்டைப்படை அகலம் சுத்தமாக வரும். 1, 3, 5 மங்கும். சந்தேகம் இருந்தால் 20×20 பிக்சலில் ஒரு படம் திறந்து, 800 சதவீதம் ஜூம் வைத்து, 1, 2, 3 என்று மூன்று முறை போட்டுப் பாருங்கள். ஐந்து நிமிட வேலைதான். அதற்குப் பிறகு இந்த விஷயம் மறக்கவே மறக்காது.

ஆன்டி-அலையாசிங் டிக்கை எடுத்துட்டா சரியாயிடும்னு சொல்றாங்களே?

பாதி சரி. சாம்பல் போய்விடும், ஏனென்றால் இப்போது ஒவ்வொரு கட்டமும் ஒன்று முழுதாக நிரம்பும், இல்லை காலியாக இருக்கும். ஆனால் அந்த அரை அரைக் கட்டத்தில் எந்தப் பக்கம் ஜெயிக்கும் என்பது உங்கள் கையில் இல்லை. மேலேயும் இடப்பக்கமும் கோடு செலக்ஷனுக்கு உள்ளே விழுந்து, கீழேயும் வலப்பக்கமும் வெளியே விழலாம். மொத்தப் பெட்டியும் ஒரு பிக்சல் நகர்ந்த மாதிரி ஆகிவிடும்.

ஸ்ட்ரோக் வித் எ பெயின்ட் டூல் என்பதில் பென்சிலை 1 பிக்சல் அளவில் வைத்துப் போட்டாலும் இதே கதைதான். ஒரே ஒரு பெட்டி என்றால் யாருக்கும் தெரியாது. ஒரு பக்கத்தில் பன்னிரண்டு பெட்டிகளை ஒட்டி ஒட்டி வைக்கும்போது கண்ணுக்கு உறுத்தும்.

அப்போ 1 பிக்சல் கோடு, நான் நினைக்கிற பக்கத்துல, பிசிறில்லாம வர உறுதியான வழி என்ன?

இரண்டு வழி இருக்கிறது. இரண்டுமே அந்த அரைக் கட்டப் பிரச்சினைக்கு இடமே கொடுக்காதவை.

முதலாவது, நிரப்பிக் குறைப்பது. புதிய லேயரில் செலக்ஷனை முழுதாக ஃபோர்கிரவுண்ட் நிறத்தால் நிரப்புங்கள். பிறகு செலக்ட் மெனுவில் ஷ்ரிங்க் போய் 1 பிக்சல் கொடுங்கள். டெலீட் அழுத்துங்கள். நடுப்பகுதி போய், சரியாக 1 பிக்சல் சட்டம் மட்டும் நிற்கும். கோடு எல்லைக்கு உள்பக்கமாக இருக்கும். அதனால் பெட்டியின் மொத்த அளவு மாறாது. 3 பிக்சல் வேண்டுமா, ஷ்ரிங்க்கில் 3 கொடுங்கள். ஒற்றைப்படை, இரட்டைப்படை கவலையே இல்லை.

இரண்டாவது, இரட்டிப்பாகப் போட்டுப் பாதியை வெட்டுவது. புதிய லேயரில் ஸ்ட்ரோக் செலக்ஷனை 2 பிக்சலில் போடுங்கள். செலக்ஷன் இன்னும் இருக்கும். அப்படியே டெலீட் அழுத்தினால் உள்பக்கப் பாதி போய், வெளிப்பக்கம் 1 பிக்சல் மிஞ்சும். உள்பக்கக் கோடுதான் வேண்டுமென்றால், டெலீட்டுக்கு முன்னால் செலக்ட் மெனுவில் இன்வெர்ட் போட்டுக்கொள்ளுங்கள். கொடுக்க வேண்டிய அகலம் எப்போதும் தேவையானதைப் போல இரண்டு மடங்கு.

நான் பெட்டிகளுக்கு முதல் வழியையே பயன்படுத்துகிறேன். படத்தின் ஒரு பிக்சல்கூட மறையக் கூடாது, கோடு வெளியே ஓட வேண்டும் என்றால் மட்டும் இரண்டாவது.

நீங்க சொன்னபடி டெலீட் அழுத்தினேன். நடுவுல ஓட்டை விழாம வெள்ளையா நிரம்புது.

அந்த லேயருக்கு ஆல்ஃபா சேனல் (எந்தப் பிக்சல் எவ்வளவு ஊடுருவும் என்ற தகவல்) இல்லை. ஆல்ஃபா இல்லாத லேயரில் அழித்தால் பேக்கிரவுண்ட் நிறம்தான் வரும். லேயர் மெனுவில் டிரான்ஸ்பரன்ஸி, அதில் ஆட் ஆல்ஃபா சேனல். ஆனால் இது நடந்திருக்கிறது என்றாலே நீங்கள் புதிய லேயர் சேர்க்காமல் படத்தின் மேலேயே வேலை செய்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். அன்டூ செய்துவிட்டு இரண்டாவது கேள்விக்குத் திரும்புங்கள்.

முழுப் படத்துக்கும் பார்டர் போட்டா வலது பக்கமும் கீழேயும் மட்டும் கோடு காணோம்!

செலக்ஷன் எல்லையும் படத்தின் எல்லையும் ஒன்றாக இருக்கும்போது, வெளிப்பக்கம் விழும் பாதிக்கு இடமே இல்லை. ஆன்டி-அலையாசிங் இருந்தால் நாலு பக்கமும் பாதி அடர்த்தியில் மங்கலான கோடு. இல்லாவிட்டால், நாலாவது கேள்வியில் சொன்ன மாதிரி வலப்பக்கமும் கீழும் வெளியே விழுந்து காணாமல் போகும். ஒரு பாராட்டுச் சான்றிதழுக்கு நான் இப்படிப் பார்டர் போட்டுவிட்டு, திரையில் சரியாகப் பார்க்காமல் அச்சுக்கும் கொடுத்து, நாற்பது பிரதியில் இரண்டு பக்கம் கோடு இல்லாமல் வந்தது. அன்றுதான் எல்லைகளை ஜூம் செய்து பார்க்கும் பழக்கம் வந்தது.

இதற்கு நிரப்பிக் குறைக்கும் வழிதான் சரி. ஒரே ஒரு எச்சரிக்கை: ஷ்ரிங்க் பெட்டியில் "செலக்டட் ஏரியாஸ் கன்டின்யூ அவுட்சைட் தி இமேஜ்" என்று ஒரு டிக் இருக்கும். அது போட்டிருந்தால், படத்துக்கு வெளியேயும் செலக்ஷன் நீள்கிறது என்று ஜிம்ப் எடுத்துக்கொள்ளும், ஓரத்திலிருந்து குறைக்காது. அதை எடுத்துவிடுங்கள்.

கட்டத்துக்குச் சரி. வட்டத்துக்கு இதே மாதிரி பண்ணினா படிப்படியா வருதே?

வட்டத்தின் எல்லை கட்டங்களைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. அங்கே முழுக் கட்டமாக மட்டும் நிரப்பினால் படிக்கட்டு தெரியும். எனவே வளைவுக்கும் சாய்வுக்கும் ஆன்டி-அலையாசிங் வேண்டும். நேர்க்கோட்டில் அது எதிரி, வளைவில் நண்பன். "கூரான கோடு" என்றால் எப்போதும் அதை அணைத்துவிடுவது என்று பலர் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள், அது தவறு.

ஆனால் ஸ்ட்ரோக் செலக்ஷனில் ஆன்டி-அலையாசிங் இருந்தும் வட்டம் லேசாக நெளியும். காரணம், அது பின்தொடர்வது கணிதப்படியான வட்டத்தை இல்லை, பிக்சல் ஓரங்களால் ஆன எல்லையை. ஷ்ரிங்க்கும் பிக்சல் கணக்கில்தான் குறைக்கிறது, அதனால் கோடு ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் வரலாம். நல்ல வழி இதோ: எலிப்ஸ் செலக்ட் டூலில் ஆன்டி-அலையாசிங்கை வைத்து வட்டம் போட்டு, புதிய லேயரில் நிரப்புங்கள். டூலை விடாமல், டூல் ஆப்ஷன்ஸில் பொசிஷன் எண்கள் இரண்டிலும் 1 கூட்டுங்கள், சைஸ் எண்கள் இரண்டிலும் 2 கழியுங்கள். இப்போது உள்ளே ஒரு பிக்சல் குறைந்த புது வட்டம் கணக்குப்படி உருவாகியிருக்கும். டெலீட். வளையல் போல வழுவழுப்பான கோடு கிடைக்கும்.

லாசோவால வெட்டின உருவத்துக்கு, இல்ல மேஜிக் வேண்ட்ல எடுத்ததுக்கு?

அங்கே எண்ணை மாற்ற வழியில்லை, அதனால் பாத் ஆக்கிக்கொள்ளுங்கள். செலக்ட் மெனுவில் டு பாத். பிறகு செலக்ட் நன் கொடுத்துவிட்டு, எடிட் மெனுவில் ஸ்ட்ரோக் பாத். பாத் என்பது வளைகோடுகளால் ஆனது, பிக்சல் ஓரங்களால் ஆனதில்லை. அதனால் கோடு நெளியாமல் ஓடும். பாத் டூலை எடுத்து, கோணல் மாணலான இடத்தில் புள்ளிகளைக் கையால் நகர்த்திச் சீராக்கவும் முடியும். வெட்டிய இலை, பாத்திரம், நகை படங்களுக்கு இது மிக நன்றாக வரும்.

நடுவில் செலக்ட் நன் கொடுக்கச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. ஸ்ட்ரோக் செலக்ஷன், செலக்ஷனைத் தாண்டியும் வரையும். ஸ்ட்ரோக் பாத் அப்படியில்லை. செலக்ஷன் உயிரோடு இருந்தால் அதற்குள் விழும் பாதியை மட்டும்தான் வரையும்.

ஓரம் மென்மையா இருக்கட்டும்னு ஃபெதர் போட்டிருந்தேன். கோடு எதிர்பார்த்த இடத்துல வரலையே?

ஃபெதர் போட்ட செலக்ஷனுக்கு ஓரம் என்று ஒரு இடம் கிடையாது. முழுத் தேர்விலிருந்து பூஜ்யத்துக்கு மெதுவாக இறங்கும் ஒரு சரிவு அது. திரையில் ஓடும் புள்ளிக்கோடு அந்தச் சரிவில் பாதி தேர்வான இடத்தை மட்டும் காட்டுகிறது. ஸ்ட்ரோக்கும் அங்கேதான் விழும். நிரப்பிக் குறைக்கும் வழியில் போனாலோ கோட்டின் இரண்டு ஓரமும் புகைந்து போகும். கோடு போடும் செலக்ஷனில் ஃபெதர் வேண்டாம். ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள் என்றால் செலக்ட் மெனுவில் ஷார்ப்பன் கொடுங்கள், ஓரம் மறுபடியும் கடினமாகிவிடும்.

பாஸ்போர்ட் ஃபோட்டோ ஷீட்ல ஒவ்வொரு படத்தையும் சுத்தி வெட்டுக்கோடு வேணும். எப்படிக் கணக்குப் போடணும்?

35×45 மி.மீ. படம், 300 பிபிஐ (ஒரு அங்குலத்துக்கு 300 பிக்சல்) என்று வைத்துக்கொள்வோம். ஒரு அங்குலம் 25.4 மி.மீ. ஆகவே படம் 413×531 பிக்சல். 6×4 அங்குலத் தாள் 1800×1200 பிக்சல். குறுக்கே 4 படம் 1652 பிக்சல், மேலும் கீழும் 2 படம் 1062 பிக்சல். எட்டுப் படம் போக அகலத்தில் 148 பிக்சலும் உயரத்தில் 138 பிக்சலும் மிச்சம். அகலத்து மிச்சத்தை ஐந்து இடைவெளியாகவும் (ஒவ்வொன்றும் சுமார் 29), உயரத்து மிச்சத்தை மூன்று இடைவெளியாகவும் (46) பிரித்துக்கொள்ளுங்கள்.

கோட்டை ஒரே ஒரு படத்துக்குப் போட்டு, படத்தோடு சேர்த்து எட்டாக நகல் எடுங்கள். கோடு உள்பக்கமாகவே இருக்கட்டும். அப்போதுதான் வெட்டிய படம் சரியாக 35×45 இருக்கும். படங்களை இடைவெளி இல்லாமல் ஒட்டி வைத்தால், பக்கத்துப் படத்தின் கோடும் சேர்ந்து நடுவில் மட்டும் இரட்டைத் தடிமன் ஆகிவிடும். நிறத்துக்குக் கரும் சாம்பல் போதும். சுத்தக் கறுப்பு, வெள்ளைப் பின்னணியில் துக்கச் செய்தி போலத் தெரிகிறது என்று வாடிக்கையாளர்கள் சொல்வார்களாம். ஸ்டுடியோக்காரர் சொன்னது, எனக்கும் சரியென்றே படுகிறது.

திரையில 1 பிக்சல் நல்லா தெரியுது. பிரிண்ட்ல இல்லவே இல்லை.

300 பிபிஐ-யில் 1 பிக்சல் என்பது சுமார் 0.085 மி.மீ. தலைமுடியளவு. கறுப்பு என்றால் நல்ல பிரிண்டரில் தெரியும். வெளிர் நிறம் என்றால் அச்சு இயந்திரம் அதைப் புள்ளிகளாகத்தான் உடைத்துப் போடும், அவ்வளவு மெல்லிய இடத்தில் அந்தப் புள்ளிகள் கோடாகச் சேராது. 2 பிக்சல் 0.17 மி.மீ., 3 பிக்சல் 0.25 மி.மீ. அச்சுக்குப் போகும் எதற்கும் நான் 3-க்குக் கீழே போவதில்லை, வெட்டுக்கோட்டுக்கு மட்டும் 2.

ஆஃப்செட்டுக்குப் போகும் பத்திரிகை, நோட்டீஸ் என்றால் இன்னொன்று. ஜிம்ப்பில் நாம் வைக்கும் கறுப்பு ஆர்ஜிபி கறுப்பு, அதாவது திரைக்கான சிவப்பு-பச்சை-நீலக் கணக்கில் வரும் கறுப்பு. அச்சுக்கு மாற்றும்போது அது நான்கு மைகளின் கலவையாக மாறக்கூடும். நான்கு தகடும் ஒன்றின்மேல் ஒன்று இம்மி பிசகாமல் உட்கார்ந்தால்தான் மெல்லிய கோடு கறுப்பாகத் தெரியும். இல்லையென்றால் ஓரத்தில் நீலமோ சிவப்போ எட்டிப் பார்க்கும். இப்படிப்பட்ட வேலைக்குப் படத்தை மட்டும் ஜிம்ப்பில் முடித்துவிட்டு, சட்டக் கோடுகளை ஸ்கிரைபஸ் போன்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் கறுப்பு மை மட்டும் கொடுத்துப் போடுவது நல்லது.

தமிழ் எழுத்தைச் சுத்தி அவுட்லைன் போட்டா சுழியெல்லாம் அடைச்சுக்குது, புள்ளியும் ஒட்டிக்குது.

ண, ன, ணை இவற்றின் சுழிக்குள் இருக்கும் வெள்ளை மிகச் சின்னது. கோடு எல்லையின் இரண்டு பக்கமும் விரிவதால், வெளியே எவ்வளவு தடிக்கிறதோ அவ்வளவு உள்ளேயும் தடித்து, எழுத்தின் உடம்பைத் தின்றுவிடும். புள்ளிக்கும் எழுத்துக்கும் நடுவே உள்ள சந்தும் அப்படித்தான் அடைபடும். ஆங்கில எழுத்துக்குச் சொல்லப்படும் 4, 5 பிக்சல் அளவுகளை அப்படியே தமிழுக்குக் கொண்டுவர முடியாது.

நான் செய்வது இது. எழுத்து லேயரில் ஆல்ஃபா டு செலக்ஷன். செலக்ட் மெனுவில் குரோ, 2 பிக்சல். எழுத்து லேயருக்குக் கீழே ஒரு புதிய லேயர், அதில் முழு செலக்ஷனையும் அவுட்லைன் நிறத்தால் நிரப்புதல். எழுத்து மேலே முழுதாக இருப்பதால் அதன் உடம்பு ஒரு பிக்சல்கூடக் குறையாது, அவுட்லைன் வெளியே மட்டும் தெரியும். "நடுவில்தான் எழுத்து இருக்கிறதே, வளையம் மட்டும் போதாதா" என்று கேட்பார்கள். போதாது. எழுத்தின் ஓரமும் வளையத்தின் ஓரமும் இரண்டுமே பாதி ஊடுருவும் பிக்சல்கள். அவை சந்திக்கும் இடத்தில் பின்னணி கசிந்து, மயிரிழை போல வெளிச்சம் தெரியும். முழுதாக நிரப்பினால் அந்தக் கசிவு இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் சுழி அடைத்தால், கோட்டைக் குறைப்பதற்குப் பதில் எழுத்தின் எடையைக் குறைத்துப் பாருங்கள். போல்டுக்குப் பதில் ரெகுலர், எழுத்துக்கிடை தூரம் கொஞ்சம் கூட்டல். நம் எழுத்துக்கு மூச்சுவிட இடம் வேண்டும். 3.0-இல் டெக்ஸ்ட் டூலிலேயே அவுட்லைன் வசதி வந்திருக்கிறது. எழுத்தைத் திருத்தினால் கோடும் கூடவே மாறும் என்பதால் சின்ன வேலைகளுக்கு வசதி.

எழுத்தைப் பாத் ஆக்கி ஸ்ட்ரோக் போட்டேன். உள்ளே குறுக்கே கோடு ஓடுது, முனையில முள்ளு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கு.

இரண்டும் வேறு வேறு காரணம். சில ஃபான்ட்களில் ஒரே எழுத்து இரண்டு மூன்று துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்து வரையப்பட்டிருக்கும். நிரப்பினால் தெரியாது, பாத்தாக மாற்றிக் கோடு போட்டால் ஒவ்வொரு துண்டின் விளிம்பும் தெரியும். முந்தைய பதிலில் சொன்ன ஆல்ஃபா வழியில் இந்தத் தொல்லை இல்லை, ஏனென்றால் அது முடிந்த உருவத்தை மட்டும் பார்க்கிறது.

முள், ஜாயின் ஸ்டைல் மைட்டர் என்று இருப்பதால் வருகிறது. கூர்மையான கோணத்தில் இரண்டு கோடும் சந்திக்கும்வரை முனையை நீட்டிக்கொண்டே போகும். ஸ்ட்ரோக் பெட்டியில் லைன் ஸ்டைல் திறந்து ரவுண்ட் வையுங்கள். பெட்டிகளுக்கு மட்டும் மைட்டரே இருக்கட்டும், மூலை கூராக இருக்கும்.

ஸ்கிரீன்ஷாட்ல சிவப்புக் கட்டம் போட்டு அனுப்பினா, அவங்களுக்குக் கலங்கலா போகுது.

ஜேபெக் வேலை. ஜேபெக் பொதுவாக வெளிச்ச விவரத்தை முழுதாகவும் நிற விவரத்தை நீளத்திலும் அகலத்திலும் பாதியாகவும் சேமிக்கும். ஃபோட்டோவில் நம் கண்ணுக்கு அது தெரிவதில்லை. ஒரு பிக்சல் சிவப்புக் கோட்டுக்கு நிறம்தானே எல்லாம், அதனால் பக்கத்துப் பிக்சலிலும் சிவப்பு வழியும். ஸ்கிரீன்ஷாட் என்றால் பிஎன்ஜி-யாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். ஜேபெக்தான் கேட்கிறார்கள் என்றால், எக்ஸ்போர்ட் பெட்டியின் அட்வான்ஸ்டு பகுதியில் சப்சாம்ப்ளிங்கை 4:4:4 ஆக்குங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் மறுபடியும் சுருக்கப்படும். டாக்குமென்ட் ஆக அனுப்புங்கள்.

ஸ்கிரீன்ஷாட் பின்னணி சில இடத்தில் இருட்டு, சில இடத்தில் வெளிச்சம் என்று இருந்தால், சிவப்புக் கோட்டுக்கு வெளியே 1 பிக்சல் வெள்ளைக் கோடும் சேர்த்துப் போடுங்கள். எந்தப் பின்னணியிலும் தெரியும்.

படத்தைச் சின்னதாக்கினதும் கோடு போயிடுச்சு.

கடைசி அளவுக்கு மாற்றிவிட்டுக் கோடு போடுங்கள், கோடு போட்டுவிட்டு அளவை மாற்றாதீர்கள். 2000 பிக்சல் படத்தை 800 ஆக்கினால் 1 பிக்சல் கோடு 0.4 பிக்சல். மங்கத்தான் செய்யும்.

அப்புறமா தடிமன், நிறம் மாத்தணும்னா மறுபடியும் முதல்லேர்ந்தா?

செலக்ஷனை மட்டும் பத்திரப்படுத்தினால் போதும். செலக்ட் மெனுவில் சேவ் டு சேனல். கோப்பை ஜிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் ஆகச் சேமித்தால் சேனல்களும் பாத்களும் கூடவே இருக்கும்.

3.0-இல் இன்னொரு நல்ல வழி. வெட்டிய உருவம் தனி லேயரில் இருந்தால், ஃபில்டர்ஸ் மெனுவில் லைட் அண்ட் ஷேடோ, அதில் டிராப் ஷேடோ. நகர்வு எண்கள் இரண்டும் 0, பிளர் 0, ஒபாசிட்டி 1, குரோ ரேடியஸ் உங்களுக்கு வேண்டிய தடிமன். நிழல் இல்லாத நிழல், அதாவது அவுட்லைன். 3.0-இல் ஃபில்டர்கள் லேயரோடு ஒட்டிக்கொண்டு நிற்பதால், நாளைக்கு வந்து எண்ணை மாற்றினாலும் கோடு மாறும். குரோ ஷேப் ஸ்கொயர் வைத்தால் கட்டங்களின் மூலை மழுங்காது. 2.10-லும் இதே ஃபில்டர் இருக்கிறது, ஆனால் ஒருமுறை போட்டால் போட்டதுதான்.

ஃபோட்டோஷாப்ல இதெல்லாம் தேவையே இல்லைன்னு தம்பி சொல்றான்.

கொஞ்சம் உண்மை. ஃபோட்டோஷாப்பின் எடிட் மெனு ஸ்ட்ரோக்கில் இன்சைட், சென்டர், அவுட்சைட் என்று கேட்கும். இன்சைட் கொடுத்தால் 1 பிக்சலும் சுத்தமாக வரும், அரைக் கட்டப் பேச்சே இல்லை. ஆனால் அவுட்சைட் கொடுத்துத் தடிமனைக் கூட்டினால் மூலைகள் உருண்டுவிடும்; கூரான மூலைக்கு இன்சைட்தான். செலக்ட் மெனுவில் மாடிஃபை, பார்டர் என்று ஒன்று இருக்கிறது, பலர் அதைக் கோட்டுக்குப் பயன்படுத்துவார்கள். அது ஓரம் மென்மையாகவே தரும், எனவே மெல்லிய கோட்டுக்கு ஆகாது.

இங்க்ஸ்கேப் வெக்டர்தானே, அங்க எப்படி மங்கும்?

வெக்டராக, அதாவது பிக்சலாக இல்லாமல் கணிதக் கோடுகளாக இருக்கும்வரை மங்காது. பிஎன்ஜி-யாக எக்ஸ்போர்ட் செய்யும் நொடியில் அதே கட்ட நோட்டுக்கு வந்துவிடுகிறோம். முழு எண் இடத்தில் நிற்கும் பாதையில் 1 பிக்சல் ஸ்ட்ரோக் போட்டால், மூன்றாவது கேள்வியில் சொன்ன அதே சாம்பல். பாதையை அரைப் பிக்சல் தள்ளி, 10-க்குப் பதில் 10.5-இல் வையுங்கள்; கோடு ஒரு கட்டத்துக்குள் முழுதாக உட்காரும். ஜிம்ப்பில் பாத் போட்டு நேர்க்கோடு வரையும்போதும் இதே கணக்குதான்.

எல்லாம் நீங்க சொன்னபடியே பண்ணிட்டேன். 800% ஜூம்ல கச்சிதமா இருக்கு. பிரவுசர்ல திறந்தா மட்டும் மங்கலா இருக்கே?

கோப்பில் தவறில்லை. உங்கள் கணினியில் டிஸ்பிளே ஸ்கேலிங் 125 அல்லது 150 சதவீதம் என்று இருக்கும், இப்போதைய லேப்டாப்களில் வாங்கும்போதே அப்படித்தான் வருகிறது. பிரவுசர் உங்கள் 1 பிக்சலைத் திரையின் 1.25 பிக்சலாக விரித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. கால் பிக்சலை வரைய முடியாது, மறுபடியும் பக்கத்துக் கட்டத்தில் சாம்பல் விழுகிறது. பிரவுசர் ஜூமை 80 சதவீதமாக்கிப் பாருங்கள், 125-க்கு அது நேர்செய்துவிடும். கோடு கூராகத் தெரிந்தால் படம் சரியாகத்தான் இருக்கிறது.

சந்தேகம் தீரவில்லை என்றால் ஜிம்ப்பில் கலர் பிக்கரை எடுத்து, கோட்டின் மேலும் அதன் இரண்டு பக்கத்துப் பிக்சல்களிலும் தொட்டுப் பாருங்கள். கோட்டில் நீங்கள் கொடுத்த நிறம் மாறாமல் இருந்து, பக்கத்துப் பிக்சல்களில் அதன் சாயல் இல்லாவிட்டால், தாராளமாக அனுப்பிவிடலாம்.